ஒற்றைப்படை தேதிக்கு ஐந்து

அண்ணன் தன் மகனோடு இருக்க வேறு நாட்டுக்குப் புறப்பட மூன்றே நாள் பாக்கி. அண்ணனும் தங்கையும் பேசி நாலு வருஷம் ஆகிறது. இந்த மூன்று நாளைக்குள் பேசாவிட்டால் இனி எப்போது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனால் வீம்புக்கு மட்டும் இரண்டு பேரிடமும் பஞ்சமில்லை. அது அப்பா வழி வந்ததா அம்மா வழி வந்ததா என்று உறவுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

தங்கைக்கு ஐம்பத்தேழு வயது. கடைத்தெருக் கோடியில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். பம்பு மோட்டார், மாவு மில் மோட்டார், மேஜை ஃபேன், சீலிங் ஃபேன், எது கருகினாலும் தெருவே அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வரும். எல்லோருக்கும் அவள் ‘காயிலம்மா’. மோட்டாரை மேசைமேல் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை, மீதியை அவளே கிளப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் நாலு வருஷத்துக்கு முன்னால், அம்மா போன அன்று, கூடத்தில் பத்துப் பேர் நின்றுகொண்டிருக்கும்போது அண்ணனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“நீதான் ஃபேனை அஞ்சுல வச்சு வச்சு அம்மாவைக் கொன்னுட்ட.”

அண்ணன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. அதன் பிறகு வீட்டு விஷயம், கையெழுத்து விஷயம் எல்லாம் அண்ணி வாய்வழியாகத்தான் போய்வந்தன. பாவம், இந்த இரண்டு பேருக்கும் தபால்காரியாக இருந்தே அண்ணிக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும்.

இப்போது பழைய வீட்டை விற்றாகிவிட்டது. வியாழக்கிழமை காலை அண்ணி போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை சாவி குடுக்கணுமாம்மா. உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தா எடுத்துக்கச் சொன்னார்.”

“அவர் சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?”

“அவர்தான். செவுத்தப் பாத்துச் சொன்னார். நான் பக்கத்துல நின்னேன்.”

பீரோ வேண்டாம், கட்டில் வேண்டாம், அம்மாவின் தையல் மெஷின்கூட வேண்டாம். கூடத்து ஃபேனும் அதன் ரெகுலேட்டரும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, பையில் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், குறடு எல்லாம் போட்டுக்கொண்டு காயிலம்மா மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

வீடு சாமான் குறைந்து பெரிதாகிவிட்டது. கூடத்தில் காலண்டர் மாட்டிய இடங்களில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், அந்தக் கறுப்புப் பெட்டி. இப்போது வரும் ரெகுலேட்டர்கள் எல்லாம் விரல் அளவு. சுவிட்சோடு சுவிட்சாக ஒட்டிக்கொள்ளும். இது அப்படி இல்லை. ஒரு பாக்கெட் ரொட்டி அளவுக்குச் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். மேலே காற்றுப் போக ஓட்டைகள், நடுவில் ஒரு திருகு, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். மூன்றும் ஐந்தும் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பாதி அழிந்திருந்தன. இரண்டையும் நாலையும் அந்த வீட்டில் யாரும் சீந்தியதே இல்லை.

அவள் திருகைத் தொட்டாள். டக், டக், டக். அதே சத்தம். இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்திருக்கிறாள்.

அப்பா ஓர் உருக்காலையில் கிரேன்களுக்கு எலக்ட்ரீஷியன். அங்கே கூரைக்குக் கீழே ஓடும் கிரேன்களில் பெரிய பெரிய மோட்டார்கள் உண்டு. எடையைத் தூக்கும்போது மெதுவாகத் தொடங்க வேண்டும், இறக்கும்போது அதைவிட மெதுவாக வேண்டும். இந்தக் காலத்தில் அதற்கென்று ஒரு மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே கூட்டிக் குறைத்து மோட்டாரைச் சொன்ன பேச்சுக் கேட்க வைக்கும். அப்போது அதெல்லாம் ஏது? மோட்டாரின் சுழலும் பகுதியிலிருந்து வளையங்கள் வழியாகக் கம்பி இழுத்து, அலமாரி அளவுக்கு இரும்புப் பட்டைகள் அடுக்கிய பெட்டிகளோடு சேர்த்திருப்பார்கள். கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் தள்ளத் தள்ள அந்தப் பட்டைகள் ஒவ்வொன்றாக விலகும், மோட்டார் வேகம் பிடிக்கும். படி குறைவாக இருந்தால் பட்டைகள் கொதிக்கும். ஷிப்டில் இருந்தவர்கள் சாப்பாட்டு டப்பாக்களை அந்தப் பெட்டிகளின் தலைமேல்தான் வைப்பார்கள். ஒரு மணிக்குத் திறந்தால் ஆவி பறக்கும். அதில் அப்பாவின் டப்பாவுக்கு மட்டும் நடுப்பெட்டி, அது எலக்ட்ரீஷியனுக்கு உள்ள உரிமை.

“மோட்டாரை மெதுவா ஓட்டணும்னா சும்மா ஓடாது. அந்த வேகம் வேற எங்கயாவது சூடா போயாகணும்” என்பார் அப்பா. வீட்டு ரெகுலேட்டரைத் தொட்டுக் காட்டி, “இதுவும் அதேதான். குட்டி” என்பார். ஒன்றில் வைத்தால் பெட்டி கை வைக்க முடியாமல் சுடும். கரண்ட் மிச்சமாகிறது என்று அம்மா ஒன்றில் வைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வாள். பெட்டியின் சூட்டில் பாதிக் கரண்ட் போய்க்கொண்டிருப்பதை அப்பா அவளிடம் சொன்னதே இல்லை. எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்த மனுஷன்.

ஒரே கூடம், ஒரே ஃபேன், நாலு பேர் படுக்கை. அண்ணனுக்கு ஐந்து வேண்டும். அவளுக்கு மூன்று; அதற்கு மேல் போனால் மூக்கு அடைத்துத் தும்மல் வரும். பகலெல்லாம் ஒட்டிக்கொண்டு திரியும் இரண்டும் பாயை விரித்ததும் எலியும் பூனையும் ஆகிவிடும். அண்ணன் எழுந்து போய் டக் டக் என்று ஐந்துக்குத் திருப்புவான். அவன் படுத்ததும் இவள் எழுந்து போய் மூன்றுக்குத் திருப்புவாள். ஒரு கோடையில் சண்டை முற்றி, இவள் எறிந்த டம்ளர் அவன் நெற்றியில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. மறுநாள் அப்பா லீவு போட்டார். ரெகுலேட்டரைச் சுத்தம் பண்ணப்போகிறேன் என்று மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மத்தியானம் முழுக்க அதோடு உட்கார்ந்தார். சாயங்காலம் சட்டம் போட்டார்.

“ஒத்தப்படை தேதின்னா பெரியவன் நாள், அஞ்சு. ரெட்டப்படை தேதின்னா பாப்பா நாள், மூணு. பெட்டியைத் திறந்து யாராவது கை வச்சீங்க, ஷாக் அடிக்கும். அதுக்கு முன்னாடி நான் அடிப்பேன்.”

அதன் பிறகு வீட்டில் காலண்டருக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அண்ணனுக்குக் கொண்டாட்டம். மறுநாளும் ஒன்றாம் தேதி, ஒற்றைப்படை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அவனுக்கே. “இது அநியாயம்!” என்று இவள் கத்துவாள். “கணக்கு அப்படி. கணக்கைப் போய்த் திட்டு” என்பான். பின்னாளில் கணக்கு வாத்தியார் ஆனவன், அப்போதே வாத்தியார் புத்தி. ஐந்து ஓடும் நாளில் இவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நடுங்குவாள், தும்முவாள். மூன்று ஓடும் நாளில் அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, “வேகுது, வேகுது” என்று விசிறிக்கொள்வான். கொஞ்சம் வளர்ந்த பிறகு, சண்டைக்கு நடுவில் அவன் திடீரென்று ஒரு சிரிப்புச் சிரிப்பான். எதற்கென்று தெரியாது. சண்டையைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கடை ஆரம்பித்த புதிதில் அந்த ஃபேன் ஒருமுறை கருகியது. அவளே இறக்கி எடுத்துப்போய்க் காயில் கட்டினாள். கடை மேசையில் நேராக மின்சாரம் கொடுத்ததும் அது சுற்றிய சுற்றில் பக்கத்து மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. தன் கைவேலைதான் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கொண்டுவந்து மாட்டி ஐந்தில் வைத்தால், பழைய கதைதான், சாதுவாகச் சுற்றியது. “உங்க ஏரியால வோல்டேஜ் கம்மிப்பா” என்றாள், ஊரறிந்த நிபுணி. “அப்படித்தான் இருக்கும்” என்று அப்பா பேப்பரைப் புரட்டினார்.

அப்பா போய் இருபது வருஷம் ஆயிற்று. பிறகு அம்மா.

அம்மாவின் கடைசிப் பத்து நாளில் அண்ணனும் தங்கையும் இந்தக் கூடத்திலேயே மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சில் சளி. டாக்டர், வயசாகிவிட்டது, பார்க்கலாம் என்றார். ஃபேனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம், “புழுக்கமா இருக்குடா, அஞ்சுல வை” என்பாள். அண்ணன் உடனே திருப்புவார். இவள் வந்து மூன்றுக்கு இறக்குவாள். “குளிர் நெஞ்சுல இறங்குது, தெரியலையா உனக்கு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். இவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி டக், டக் கேட்கும். பதினோராம் நாள் அம்மா இல்லை. யார் மேலாவது பழி போட்டால்தான் நிற்க முடியும் போல இருந்தது அவளுக்கு. போட்டுவிட்டாள். சொன்ன அன்றைக்கே அது தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் தப்பு என்று போய்ச் சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? காரணம் கிடைக்காமலே நாலு வருஷம் ஓடிவிட்டது.

அவள் மெயினை அணைத்தாள். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற நாலு ஸ்க்ரூ. பின்பக்க மூடியைப் பிடித்திருந்தவை இரண்டு, துருப்பிடித்துக் கிடந்தன. குறடால் நெம்பியதும் மூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஒரு பீங்கான் குழாய், அதன் மேல் சுற்றிய கம்பிச் சுருள், தூசி. சுருளில் இடைவெளி விட்டு நாலு முனைகள். திருகின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கம்பி வந்து அததன் இடத்தில் சேர வேண்டும். ஐந்துக்கு உள்ள கம்பி சுருளைத் தொடாமல் நேராக ஃபேனுக்குப் போக வேண்டும். ஆயிரம் பெட்டி பார்த்தவள். கண் தன்னால் எண்ணிக்கொண்டே போய், சட்டென்று நின்றது.

நாலாம் கம்பியும் ஐந்தாம் கம்பியும் தங்கள் இடத்தில் இல்லை. இரண்டும் வளைந்து வந்து மூன்றாம் முனையோடு சேர்ந்திருந்தன. மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, மேலே அழகாக ஈயம் வைத்திருந்தது. உருண்டையாக, வழியாமல், கடைசியில் ஒரு சின்ன மூக்கோடு. அந்த மூக்கு அப்பாவின் கை. வேறு யாரும் அப்படி வைக்க மாட்டார்கள்.

மூன்றில் வைத்தாலும் மூன்று, நாலில் வைத்தாலும் மூன்று, ஐந்தில் வைத்தாலும் மூன்றுதான். டம்ளர் பறந்த மறுநாளிலிருந்து இந்தக் கூடத்தில் மூன்றுக்கு மேல் ஃபேன் ஓடியதே இல்லை. அவள் நடுங்கிய நடுக்கம், தும்மிய தும்மல், அண்ணன் பட்ட வேக்காடு, எல்லாம் ஒரே காற்றில்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வெறும் கூடத்தில் தனியாக நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது, “அஞ்சுல வைடா.” அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஐந்தில் வைத்ததும் இவள் மூன்றில் வைத்ததும் ஒன்றுதான். அவர் அம்மாவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நாற்பது வருஷமாக மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற அவள், அந்த ஒரே ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமல், பத்துப் பேர் முன்னால் கூடப் பிறந்தவனைக் கொலைகாரன் ஆக்கினாள். அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு பெட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஃபேன் கூரையிலேயே தொங்கியது.

அண்ணன் வீட்டில் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். கதவைத் திறந்தது அண்ணி. உள்ளே திரும்பி, “என்னங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நாலு வருஷத் தபால் வேலைக்கு அன்று அவள் லீவு எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் பெட்டி ஒன்றுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முடி சுத்தமாக நரைத்துவிட்டிருந்தது. நெற்றியில் டம்ளர் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. அவள் கறுப்புப் பெட்டியை எடுத்து, மூடி இல்லாத பக்கம் மேலே தெரிய, அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணா, இதைப் பாரு. மூணும் நாலும் அஞ்சும் ஒண்ணு. அப்பா சேத்து வச்சிருக்கார். நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்...”

அண்ணன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

“இப்பதான் திறந்தியா?” என்றார்.

“என்னது?”

“நாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். மோட்டார் கட்டறவளாச்சே, என்னைக்காவது ஒரு நாள் திறந்து பாக்க மாட்டாளான்னு.”

“உனக்குத் தெரியுமா?”

“பதினாறு வயசுலயே தெரியும். அஞ்சு பத்தல, இன்னும் வேகம் வைக்கலாம்னு நீங்க யாரும் இல்லாதப்போ திறந்தேன். கையும் களவுமா அப்பாகிட்ட மாட்டிக்கிட்டேன். அடிப்பார்னு பாத்தா, பக்கத்துல உக்காந்துட்டார். ‘தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே நீயும் என் கட்சி. ஆனா சண்டையை மட்டும் நிறுத்திடாத, பாப்பாவுக்குச் சந்தேகம் வந்துடும்’னார். அதுக்கப்புறம் நான் போட்ட சண்டையெல்லாம் நடிப்பு.”

அந்தச் சிரிப்பு எதற்கென்று இப்போது தெரிந்தது. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“அப்போ அம்மா படுத்திருக்கும்போது? ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு மாத்தி மாத்தித் திருப்பின?”

“அம்மா அஞ்சு கேட்டாங்க. வேற எதையும் என்னால குடுக்க முடியல. அந்தச் சத்தம் கேட்டதும் அவங்க முகம் கொஞ்சம் ஆறும். நீ மூணுல வச்சா உன் மனசு ஆறும். ரெண்டுக்கும் ஒரே காத்து. எனக்கென்ன போச்சு?”

“சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிப் பேசினப்போ, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!”

அண்ணன் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். “சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பாத்தேன். அம்மா போன சூடு உனக்குள்ள எங்க போறதுன்னு தெரியாம நின்னுச்சு. அது எங்கயாவது போயாகணும்ல, அப்பா சொல்வாரே. அன்னைக்கு உனக்கு என்னை விட்டா யார் இருக்கா? சரி, என் மேல வரட்டும்னு விட்டுட்டேன்.” டேப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, “அது அன்னைக்கு. மறுநாள்லேருந்து எனக்கும் கோவம்தான். சும்மா சொல்லக் கூடாது. நல்ல கோவம்” என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுடு அண்ணா” என்றாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இதற்கு முன் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அண்ணனுக்கு அதைத் தாங்கத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஈய உருண்டையை விரலால் தடவினார்.

“இது இன்னும் ஓடுமா பாப்பா?”

பாப்பா. ஐம்பத்தேழு வயதுப் பாப்பா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மெயினை அணைத்து, சுவரிலிருந்த புது ரெகுலேட்டரைப் பிடுங்கி, அதன் இடத்தில் கறுப்புப் பெட்டியின் இரண்டு கம்பிகளையும் கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை. பெட்டி ஒரு பக்கமாகத் தொங்காமல் அண்ணன் இரண்டு கையாலும், மூடியில்லாத பக்கம் விரல் படாமல், தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“எதுல வைக்க?” என்றாள்.

“இன்னைக்கு என்ன தேதி?”

“பதினேழு.”

“அப்போ என் நாள். அஞ்சு.”

டக், டக், டக், டக். ஃபேன் மெதுவாகக் கிளம்பி, சாதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அட்டைப் பெட்டி ஒன்றின் மேலிருந்த காகிதம் லேசாக அசைந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு டம்ளர் காபியோடு வந்த அண்ணி நிலைப்படியிலேயே நின்றாள். பெட்டியையும் பார்த்தாள், திருகின் எண்ணையும் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

“என்ன இது, அஞ்சுல வச்சிருக்கீங்க? காபி ஆறிடும், எனக்கும் குளிருது. மூணுல வையுங்க.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவள் கையை நீட்டித் திருகை இரண்டு எண் பின்னால் திருப்பினாள்.

“ம்ம், இப்பதான் சரியா இருக்கு” என்று அண்ணி காபியை நீட்டினாள்.